வெளிநாட்டு ஆங்கில வாத்தியார் வேலைக்கு ஆன்லைன் டெஃபல் சான்றிதழ் வாங்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது:

“அக்கா, நான் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடிச்சிருக்கேன். தனியார் மெட்ரிக் பள்ளியில வேலை. சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாப் போகுது. வெளிநாட்டுல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. டெஃபல்னு, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சி இருக்கே, அதுல 120 மணி நேர கோர்ஸ் ஆன்லைன்ல ஆயிரத்துச் சொச்சத்துக்குத் தள்ளுபடியில கிடைக்குது. இன்னொரு இடத்துல அதே 120 மணி நேரத்துக்குப் பதினெட்டாயிரம் கேக்குறாங்க. ‘இது ஒண்ணு இருந்தா எந்த நாட்டுக்கும் போகலாம்’னு ஒரு ஏஜென்ட் சொல்றார். வாங்கலாமா, வேண்டாமா?”

3 ஜூன் 2024

எந்த நாட்டுக்கும் போகலாம் என்பது பொய். அதை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடு தங்கச்சி. உன்னை உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் விசா விதிதான் முடிவு செய்யும். கோர்ஸ் விற்கிற கம்பெனிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

டெஃபல் என்ற பெயர் யாருக்கும் சொந்தமானது இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு வெப்சைட் திறந்து அந்தப் பெயரில் கோர்ஸ் நடத்தலாம், சான்றிதழும் கொடுக்கலாம். உலகத்துக்கெல்லாம் பொதுவாக இதைக் கட்டுப்படுத்துகிற ஒரு அமைப்பு கிடையாது. அதனால்தான் ஆயிரத்துக்கும் கிடைக்கிறது, பதினெட்டாயிரத்துக்கும் கிடைக்கிறது. இரண்டிலும் அட்டையில் 120 மணி நேரம் என்றே இருக்கும்.

நான் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியிலும் பிறகு தாய்லாந்திலும் வேலை பார்த்தவள். மலிவான ஆன்லைன் கோர்ஸும் படித்தேன், பிற்பாடு கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சியும் படித்தேன். இரண்டையும் முடித்தவள் என்ற முறையில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நீ பாடம் நடத்தும்போது விவரம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்தாரா? பார்த்துவிட்டு உன்னிடம் பேசினாரா? ஆமாம் என்றால் அந்தச் சான்றிதழுக்குக் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் அது விசா ஃபைலில் வைக்க ஒரு காகிதம். காகிதமும் சில இடத்தில் தேவைப்படும். அது எங்கே என்று தெரிந்துகொண்டு வாங்கு.

4 ஜூன்

“எந்த நாடு என்று இன்னும் முடிவு பண்ணவில்லை” என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இன்றைக்கு ஒரு பைசா கட்டாதே.

5 ஜூன், இரவு

நேரம் கிடைத்தது, நாடு நாடாகச் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நமக்கு எது திறக்கும், எது திறக்காது என்பதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள்.

தென் கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இ-2 விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2010-ல் நடைமுறைக்கு வந்தபோது ஆசிரியப் பயிற்சிச் சான்று உள்ள இந்தியர்களுக்கும் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆனால் டியூஷன் சென்டர் வேலைக்கு அது செல்லாது. ஆக, கொரியாவை நினைத்து டெஃபல் வாங்குவது நம் ஆட்களுக்கு வீண் செலவு.

சீனாவிலும் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டுப் பாஸ்போர்ட்தான் கேட்பார்கள். அதற்கு மேல் ஒரு பட்டம், இரண்டு வருட அனுபவம் அல்லது டெஃபல். கடைசியில் இருக்கிற அந்த ‘அல்லது டெஃபல்’ என்பதை மட்டும் வெட்டி எடுத்து இங்கே விளம்பரம் போடுகிறார்கள்.

ஜப்பானில் பாஸ்போர்ட்டை விடப் படிப்பைப் பார்க்கிறார்கள். பட்டம் இருக்க வேண்டும், 12 வருடம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கில மீடியத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து முதல் வகுப்பில் தேறியவர்கள் இங்கே இடிபடுகிறார்கள். எந்த ஆன்லைன் சான்றிதழும் அதைச் சரிக்கட்டாது. என்னோடு படித்தவர்களில் மிக நல்ல ஆசிரியைகள் தமிழ் மீடியத்துக்காரர்கள்தான். இதை எழுதும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

தாய்லாந்து நம்மை எடுக்கும். பட்டம், போலீஸ் நற்சான்று இரண்டும் வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களிடம் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள், பெரும்பாலும் 600. பி.எட். போன்ற படிப்பு இல்லையென்றால் அவர்களுடைய ஆசிரியர் கவுன்சில் இரண்டு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி தரும், பிறகு புதுப்பிக்க வேண்டும். டெஃபலைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் அது பட்டத்தின் இடத்தில் உட்காராது.

வியட்நாமில் வேலை அனுமதிக்குப் பட்டத்தோடு ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழும் கேட்பது வழக்கம். பி.எட். இல்லாத எம்.ஏ.க்காரருக்கு டெஃபல் நிஜமாகவே உதவுகிற நாடு இதுதான். அங்கேயும் சான்றிதழைச் சட்டபூர்வமாக அத்தாட்சி செய்து தர வேண்டும். கம்பெனி வெறும் பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புவான் என்றால் அங்கேயே சிக்கல். பணம் கட்டும் முன்னால் ‘கையெழுத்தும் முத்திரையும் போட்ட அசல் தபாலில் வருமா’ என்று கேள்.

மாலத்தீவில் என்னிடம் யாரும் டெஃபல் கேட்கவில்லை. பட்டமும் பி.எட்.டும் கேட்டார்கள். அங்கே ஒரு தகுதி ஆணையம் இருக்கிறது, அதுதான் நம் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும். உயர்நிலை வகுப்புகளில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம், பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போன ஆசிரியர்கள் தீவுக்குத் தீவு இருப்பார்கள். நான் இருந்த தீவில் கடைத்தெரு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. காய்கறி வருகிற படகு தாமதமானால் டின் மீனும் தேங்காயும்தான். ஆனால் சம்பளம் மாதாமாதம் வந்தது, பிள்ளைகள் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

வளைகுடாவை நாளைக்கு எழுதுகிறேன்.

8 ஜூன், சனி

வளைகுடாவுக்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். புதுவயல் தம்பி எழுதியிருப்பது: “நான் பார்த்த ஆன்லைன் கோர்ஸ் லெவல் 5. செல்டாவும் லெவல் 5. ரெண்டும் ஒண்ணுதானே அக்கா, எதுக்கு லட்ச ரூபாய் செலவு?”

ஒன்று இல்லை தம்பி. இங்கிலாந்தில் ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பு தேர்வுகளையும் சான்றிதழ்களையும் தரம் பிரிக்கிறது. லெவல் என்பது படிப்பின் கடினத்தைக் காட்டும். உள்ளே வகுப்பு நடத்தினாயா என்பதை அது காட்டாது. ஆஃப்குவால் பட்டியலில் முறையாக இடம்பிடித்த லெவல் 5 டெஃபல் கோர்ஸ்கள் இருக்கின்றன. அவை மோசடி இல்லை. ஆனால் அவற்றில் பலவற்றை நீ ஒரு மாணவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம்.

செல்டாவில் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு. அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு நீ வகுப்பு எடுக்க வேண்டும், இரண்டு வேறு நிலைகளில். பயிற்சியாளர் ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக் குறிப்பு எடுப்பார். அனுபவசாலிகளின் வகுப்பை நீ இன்னொரு 6 மணி நேரம் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து வேலைகள். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற செர்ட் டீசால் என்ற ஆசிரியர் பயிற்சியும் இதே வகை. பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற இடங்கள் ‘கண்காணிப்பில் ஆறு மணி நேர வகுப்பு’ என்று கேட்பது இந்தப் பழக்கத்தை வைத்துத்தான்.

ஆஃப்குவால் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சான்றிதழ் தருகிற அமைப்பின் பெயரையும் கோர்ஸ் பெயரையும் அடித்துப் பார். ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு முத்திரையைப் போட்டிருப்பார்கள். அந்த அங்கீகார அமைப்பையே அந்தக் கம்பெனிக்காரர்கள் தொடங்கியிருக்கிற கதையும் இந்தத் தொழிலில் உண்டு. முத்திரை போட்டது யார் என்பதை ஒரு தடவை தேடிப் பார்த்துவிடு.

9 ஜூன்

“செல்டா ஆன்லைனில் கிடையாதே, சென்னையிலோ பெங்களூரிலோ போய்த் தங்க வேண்டுமே” என்று பள்ளத்தூர் அக்கா எழுதியிருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு முழுக்க ஆன்லைனிலும் நடத்துகிறார்கள் அக்கா. நான் படித்தது அப்படித்தான். மாணவர்கள் ஸூமில் வருவார்கள், பயிற்சியாளர் கேமராவை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். சான்றிதழில் ஆன்லைன் என்று தனியாகக் குறிப்பதில்லை, நேரில் படித்தவருக்கும் அதே சான்றிதழ்தான்.

அதனால் ‘ஆன்லைன் நல்லதா, நேரில் நல்லதா’ என்று இதைப் பிரிப்பதில் அர்த்தம் இல்லை. ஆள் பார்க்கிற ஆன்லைன், ஆள் பார்க்காத ஆன்லைன் என்று பிரியுங்கள்.

12 ஜூன்

ஆள் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். என் செல்டா குழுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

‘யூஸ்ட் டு’ என்ற இலக்கண அமைப்பு அன்றைய பாடம். எங்கள் குழுவில் ஒருவர் அழகாக விளக்கினார், பலகையில் எழுதினார். கடைசியில் நம் ஊரில் எல்லோரும் கேட்பது மாதிரி ‘புரிஞ்சுதா?’ என்றார். எல்லா மாணவரும் தலையாட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: அவர்களுக்குப் புரிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவரே காட்டினார். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் காரைக்குடி’ என்று ஒரு வாக்கியம். இதைச் சொல்கிற ஆள் இப்போது காரைக்குடியில் இருக்கிறாரா? முன்பு இருந்தாரா? ஒரு நாள் மட்டும் தங்கினாரா, கொஞ்ச காலம் குடியிருந்தாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் வரும். இப்போதும் இருக்கிறார் என்று எவன் சொல்கிறானோ அவனுக்குப் பாடம் ஏறவில்லை. அரை நிமிட வேலைதான். ஆனால் வகுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இந்தக் கேள்வி முறை எல்லா மலிவு கோர்ஸிலும் ஒரு அத்தியாயமாக இருக்கிறது. நானும் அங்கே படித்தேன், கடைசியில் வந்த நாலு விடைக் கேள்விக்குச் சரியான விடையைத் தட்டினேன். அது கைக்கு வந்தது ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். பி.எட்.டில் எங்கள் அம்மையார் ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து, நான் பலகைக்குத் திரும்பி நின்று பேசிக்கொண்டே எழுதுவதைக் குறித்துக் கொடுத்தார். இன்றைக்கும் பலகையில் எழுதும்போது நான் வாய் திறப்பதில்லை. புத்தகத்தில் படித்து வந்த பழக்கம் இல்லை அது.

12 ஜூன், சற்று நேரம் கழித்து

ஒன்று சேர்க்க வேண்டும். மலிவு கோர்ஸில் எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டம் எழுதுகிற முறை, ஜோடி வேலை, வகுப்பில் ஆசிரியர் பேசுகிற நேரத்தைக் குறைப்பது, இதற்கெல்லாம் வெளிநாட்டுப் பள்ளியில் என்னென்ன பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்பது அதில்தான் தெரிந்தது. நேர்முகத்தில் அந்தப் பெயர்கள் காதில் விழுந்தால் முழிக்காமல் பதில் சொல்ல முடிந்தது. தாய்லாந்துப் பள்ளியில் விண்ணப்பத்தை வாங்கிய அம்மாள் டெஃபல் இருக்கிறதா என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த டிக்குக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கலாம். பதினெட்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆள் பார்க்காத கோர்ஸ் என்றால் விலை குறைந்ததையே எடு. கோர்ஸெரா என்ற ஆன்லைன் கல்வித் தளத்தில் அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி நடத்துகிற, ஆங்கிலம் கற்பிக்கும் டீசால் பாடங்களையும் போய்ப் பார். அந்த வீடியோக்களைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

16 ஜூன்

வளைகுடா. தனியார் பள்ளிகளில் பி.எட்.டுக்குத்தான் மரியாதை. அபுதாபியிலும் துபாயிலும் பள்ளிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்புகளிடம் ஆசிரியரின் தகுதிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அதில் பட்டமே பிரதானம். டெஃபல் அங்கே கூடுதல் அலங்காரம்.

இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளை அடிக்கிற விஷயம் தொலைநிலைப் படிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் எம்.ஏ. முடித்தவர்கள் காரைக்குடி, சிவகங்கை வட்டாரத்தில் வீதிக்கு நாலு பேர். அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லும். வளைகுடாவில் பட்டத்தைச் சரிபார்க்கும்போது ரெகுலரா, தொலைநிலையா என்று பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேட்பார்கள். ரெகுலர் பி.ஏ.வும் பி.எட்.டும் இருந்து எம்.ஏ. மட்டும் தபாலில் என்றால் பி.ஏ.வையும் பி.எட்.டையும் முன்னால் வைத்து விண்ணப்பியுங்கள்.

17 ஜூன்

சிலர் ‘ப்ரொவிஷனல் சான்றிதழ் போதுமா’ என்று கேட்கிறார்கள். போதாது. பட்டமளிப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள். டெஃபலில் தள்ளுபடி முடியப் போகிறது என்று தினமும் மின்னஞ்சல் வரும். அந்தத் தள்ளுபடி அடுத்த வாரமும் இருக்கும். பட்டத்தின் அசல்தான் தாமதமாகும்.

22 ஜூன்

பி.எட். பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தது.

2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம். அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம். செல்டாவின் 6 மணி நேரத்தோடு இதை வைத்துப் பாருங்கள். காகிதத்தில் பார்த்தால் நம் பிள்ளைகள் மலையளவு அனுபவத்தோடு வெளியே வருகிறார்கள். பிறகு ஏன் வெளிநாட்டு நேர்முகத்தில் ஆறு மணி நேரக்காரருக்கு முன்னால் கூசிப் போய் நிற்கிறார்கள்?

பல இடங்களில் அந்த 16 வாரம் எப்படிப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் விடுப்பு என்றால் பயிற்சி மாணவியை அந்த வகுப்புக்கு அனுப்புவார்கள். பரீட்சைப் பேப்பர் திருத்தச் சொல்வார்கள். பாடக் குறிப்பு நோட்டு, சார்ட், பதிவேடு எல்லாம் வண்ணப் பேனாவில் அழகாக இருக்கும். வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்த்துப் பேசுகிற ஆள் எப்போதோ ஒரு முறை வருவார். வருகிற இடத்தில் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

காரைக்குடியில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி 1950-லேயே வந்துவிட்டது. அழகப்பச் செட்டியார் 1947-ல் கலைக் கல்லூரி தொடங்கி, மத்திய மின் வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, கூடவே வாத்தியார்களை உருவாக்கவும் ஒரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தார். அப்படிப்பட்ட ஊரில் பி.எட். முடித்துவிட்டு, எங்கோ இருக்கிற கம்பெனியின் நாலு விடைக் கேள்விக்குப் பதில் தட்டி அதைப் பெரிய தகுதி என்று விண்ணப்பத்தின் முதல் வரியில் போடுகிறோம், பி.எட்.டைக் கடைசி வரியில் போடுகிறோம். இது எனக்கு ஆறவே ஆறாது.

உங்கள் கல்லூரியிலேயே ஒரு கடிதம் கேளுங்கள். எத்தனை வாரம் பள்ளியில் பயிற்சி, எந்தெந்த வகுப்பு, எத்தனை பாடங்கள் மேற்பார்வையில் நடத்தப்பட்டன என்று கல்லூரித் தலைப்பில், முதல்வர் கையெழுத்தோடு, ஆங்கிலத்தில். நடந்ததை மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். தாய்லாந்தில் நான் காட்டிய காகிதங்களில் ஒரே ஒரு காகிதத்தைத்தான் பள்ளித் தலைமை ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். அது இந்தக் கடிதம்.

23 ஜூன்

மேலே எழுதியதைப் படித்துவிட்டு கண்டனூர்ப் பெரியவர் ஒருவர் தன் அப்பச்சி பர்மாவுக்குப் போன கதையை எழுதியிருக்கிறார். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, மேலாள் கணக்கு எழுதுவதைப் பார்த்துப் பார்த்து, தானும் எழுதி, அவரிடம் திட்டும் வாங்கி, பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகுதான் தனியாகப் பொறுப்பு. கடல் தாண்டி நடத்திய அந்தக் கொடுக்கல் வாங்கல் தொழிலையே பக்கத்தில் ஒரு ஆள் இருந்து கற்றுக்கொடுத்தார்கள், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார். ஐயா, நான் இத்தனை நாள் எழுதியதை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

26 ஜூன்

ஏஜென்ட் விவகாரம். இதில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். ‘கோர்ஸ் பீஸ்’ என்று சொல்லி அதே ஆள் தன் டெஃபலையும் உங்கள் தலையில் கட்டுகிறார் என்றால் அவர் அங்கே கோர்ஸ் வியாபாரிதான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் அப்படித்தான் பணம் வாங்கினார்கள். சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அவள் போய் இறங்கிய ஊரில் அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது, வேலைதான் இல்லை. அண்ணன் டிக்கெட் எடுத்து அனுப்பித் திரும்பி வந்தாள்.

சுற்றுலா விசா என்ற சொல் வந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் ‘வைத்திருங்கள்’ என்று கொடுக்காதீர்கள். தமிழ்நாடு அரசுக்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கு என்று ஒரு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. பல்லவன் ரயிலில் காலையில் ஏறினால் மத்தியானத்துக்குள் எழும்பூரில் இறங்கி நேரிலேயே விசாரிக்கலாம்.

27 ஜூன்

“அந்த ஏஜென்ட் யார், பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். பதிவு எண்ணைச் சரிபாருங்கள், எல்லா ஆளுக்கும் அது பொருந்தும்.

3 ஜூலை

குழந்தை சின்னது, வெளியூர் போக முடியாது, வீட்டிலிருந்தே வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள் கோவிலூர்க்காரர்.

செய்யலாம். ஆனால் ஒரு காலத்தில் சீனப் பிள்ளைகளுக்கு நடந்த பெரிய வியாபாரத்தை நினைத்து இறங்க வேண்டாம். 2021 ஜூலையில் சீன அரசு போட்ட உத்தரவில் வெளிநாட்டிலிருந்து அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது அடைபட்டுவிட்டது. இப்போது நம் ஆட்கள் பெரும்பாலும் ப்ரெப்ளி மாதிரியான தளங்களில் இருக்கிறார்கள். அங்கே சேரச் சான்றிதழ் கட்டாயம் இல்லை, இருந்தால் உங்கள் பக்கத்தில் காட்டிக்கொள்ளலாம். முதல் சோதனை வகுப்பின் கட்டணம் முழுக்கத் தளத்துக்கே போய்விடும். அதற்குப் பிறகு 33 சதவீதம் பிடிப்பார்கள், நீங்கள் நடத்துகிற மணி நேரம் கூடக்கூட அது 18 வரை குறையும். இதைக் கணக்குப் போட்டுவிட்டு விலை வையுங்கள். ‘இந்தியர் என்றால் மலிவு’ என்று நாமே குறைத்து வைக்கிற பழக்கம் வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வுக்குத் தயார் செய்வதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மட்டும் எடுத்து நடத்தினாலும் ஆள் வரும்.

7 ஜூலை

‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று போட்ட விளம்பரத்தைப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். தாய்லாந்தில் என் பக்கத்து வகுப்பில் இருந்தவர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், இலக்கணம் கேட்டால் என்னிடம்தான் அனுப்புவார். சம்பளம் அவருக்குக் கூடுதல். அந்த அநியாயத்தை எந்தச் சான்றிதழும் சரிசெய்து தராது. செல்டா முடித்த பிறகு எனக்கு வந்த மாற்றம் வேறு: நேர்முகத்தில் செய்துகாட்டும் வகுப்பு கேட்டால் பயமில்லை. ஆங்கிலம் தெரியாமல் இருந்து கற்றுக்கொண்டவள் நான், எந்த இடத்தில் கால் தடுக்கும் என்று எனக்குத் தெரியும், வகுப்பைப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள் என்று கேட்க முடிந்தது. கேட்ட இடத்தில் எல்லாம் வேலை கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

செல்டாவுக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். நகையை அடகு வைத்துப் படிக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். வேண்டாம். முதல் வேலைக்கு வெளிநாடு போக உன் பி.எட். போதும். அங்கே சம்பாதித்த காசில் பிறகு படி. நான் அப்படித்தான் செய்தேன்.

13 ஜூலை

லட்ச ரூபாய் இல்லாதவர்களுக்கு ஆள் பார்க்கிற பயிற்சி எப்படிக் கிடைக்கும் என்ற கேள்விக்கு நாங்கள் இங்கே செய்துபார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு, சொந்தக்காரர்கள் சென்னையில். பார்த்துக்கொள்கிற ஆச்சி முகப்பைத் திறந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை வருவார்கள். ஆசிரியைகள் முறை வைத்து முக்கால் மணி நேரம் பாடம் எடுப்போம், மற்றவர்கள் பின்னால் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து எழுதுவோம். பார்க்கிறவர் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் விதி. என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள், டீச்சர் எவ்வளவு நேரம் பேசினார், எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள்.

முதலில் எல்லோருக்கும் கூச்சம். பத்து வருடம் வேலை பார்த்தவரை இன்னொருவர் உட்கார்ந்து குறிப்பெடுப்பது நம் பழக்கத்தில் இல்லை. இப்போது அவர்களே முந்திக்கொண்டு முறை கேட்கிறார்கள். இதற்குச் சான்றிதழ் கிடையாது, விசாவுக்கு உதவாது. மலிவு கோர்ஸின் காகிதத்தையும் இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டு வியட்நாமுக்கோ தாய்லாந்துக்கோ போனால் செய்துகாட்டும் வகுப்பில் தேறலாம்.

14 ஜூலை

இடம் கேட்டவர்களுக்கு: நீங்கள் இருக்கிற ஊரிலேயே நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள். தேவகோட்டை, திருப்பத்தூர், புதுவயல் எல்லா இடத்திலும் சும்மா கிடக்கிற முகப்பு உண்டு. மூத்த ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டால் வருவார்கள்.

19 ஜூலை

அத்தாட்சி பற்றி ஓமானுக்கும் குவைத்துக்கும் போகிற இருவர் கேட்டது, சுருக்கமாக: தூதரக முத்திரை இல்லாமல் ஒரே அத்தாட்சியை எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்கிற முறைக்கு அப்போஸ்டில் என்று பெயர். ஓமான் அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, சவுதியும் 2022 டிசம்பரிலிருந்து. அங்கே மாநில அரசின் சரிபார்ப்பும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் போதும். குவைத், கத்தார், அமீரகம் மூன்றும் அதில் இல்லை. அமைச்சகத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும், செலவும் நாளும் கூடும். பட்டம், பி.எட். இரண்டையும் முதலில் செய்யுங்கள். டெஃபலை அவர்கள் எழுத்தில் கேட்டால் மட்டும் செய்தால் போதும்.